காய்மகாரத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு

எனக்குப் பொறாமை என்பதே கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாந்தோமில் என்னைத் தெரிந்தவர்கள் இப்போது வேறு மாதிரி பேசிக்கொள்கிறார்கள்.

என் பெயர் ஃப்ளோரன்ஸ். பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சராக இருந்து ஓய்வு பெற்று மூன்று வருடமாகிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் எங்கள் பங்குக் கோவில் ஹாலில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பதிலிருந்து நான் ஓய்வு பெறவில்லை, பெறுவதாகவும் இல்லை. புதுநன்மை வாங்கப்போகிற பிள்ளைகள் முப்பத்தோரு வருடமாக என் கையில்தான் தயாராகிறார்கள். எட்டு வயது, ஒன்பது வயதுப் பிள்ளைகள், வெள்ளை கவுனும் வெள்ளைச் சட்டையுமாக, முதல் தடவை நற்கருணை அப்பம் வாங்குகிற நாள் அது. அன்றைக்கு அவர்களுடைய வரிசைக்கு முன்னால் மெழுகுவர்த்தியோடு நடப்பது நான். பெற்றோர் சாமியாருக்கு வணக்கம் சொல்லிவிட்டு அடுத்ததாக என்னிடம்தான் வருவார்கள்.

நன்மை வாங்குவதற்கு முன்னால் பிள்ளைகள் முதல் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். கூண்டுக்குப் பக்கத்தில் முழங்காலிட்டுத் தங்கள் பாவங்களைச் சாமியாரிடம் சொல்ல வேண்டும். சொல்வதற்குப் பாவங்களின் பெயர் தெரிய வேண்டுமே. தலையான பாவங்கள் ஏழு: அகங்காரம், கோபம், மோகம், உலோபித்தனம், போசனப்பிரியம், காய்மகாரம், சோம்பல். எந்தப் பிள்ளையும் ஆறாவதில்தான் தடுக்கி விழும். கோவிலுக்கு வெளியே அந்த வார்த்தையை யாரும் சொல்லிக் கேட்டிருக்க மாட்டார்கள். மயிலாப்பூர் மாட வீதியில் யாரிடமாவது காய்மகாரம் என்று சொல்லிப் பாருங்கள், எந்த மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் என்று கேட்பார்கள்.

பொறாமைதானே அது, அப்படியே சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே என்று சிலர் கேட்பதுண்டு. இல்லை. பக்கத்து வீட்டில் ஏசி மாட்டினால், நமக்கு ஒன்று இல்லையே என்று ஏங்குவது பொறாமை. அந்த ஏசி எப்போது ரிப்பேராகும் என்று காத்திருப்பது காய்மகாரம். முதலாவதில் நமக்கு ஒன்று வேண்டியிருக்கிறது. இரண்டாவதில் நமக்கு எதுவும் வேண்டாம், அவர்களிடம் இல்லாமல் போனால் போதும். நான் வகுப்பெடுக்கத் தொடங்கிய காலத்தில் இந்த எடுத்துக்காட்டில் டேப் ரிக்கார்டர் இருந்தது. பிறகு கலர் டிவி வந்தது, ஃப்ரிட்ஜ் வந்தது. அகராதியில் இப்படி ஒரு வித்தியாசமும் இல்லை என்று என் கணவர் டெரிக் சொல்வார். அகராதி எழுதியவர்கள் யாரும் புதுநன்மை வகுப்பு எடுத்ததில்லை என்று நான் சொல்வேன்.

போன ஜூனில் காஸ்பர் சாமியார் புதுப் பங்குச் சாமியாராக வந்தார். அறுபத்தைந்து வயது, பூசைக்கு ஒரு நிமிடம் தாமதமாக வந்தாலும் திரும்பிப் பார்ப்பவர். முதல் வாரமே, "டீச்சர், முப்பத்து மூணு பிள்ளைங்க இருக்காங்க. ஒரே ஆளா எப்படி சமாளிப்பீங்க? ரெண்டு செக்‌ஷனா பிரிச்சிடுவோம்" என்றார். நான் சமாளித்துக்கொண்டுதான் இருந்தேன். அவருக்கு அது கருணையாகத் தோன்றியிருக்கிறது, என்ன செய்ய?

ஏ செக்‌ஷன் எனக்கு. பி செக்‌ஷனுக்கு லிசா வந்தாள். பதினெட்டு வருடத்துக்கு முன்னால் என்னிடம் புதுநன்மைக்குப் படித்தவள். இப்போது பெருங்குடியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. கையில் ஒரு புரொஜெக்டரோடு வந்தாள். சுவரில் படம் ஓடியது. சரியான பதில் சொன்ன பிள்ளைக்குப் பட்டாம்பூச்சி ஸ்டிக்கர். ஹாலின் நடுவில் ஒரு துணித் தடுப்புதான் இருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்புச் சத்தம் வரும்போதெல்லாம் என் பிள்ளைகள் தலையைத் திருப்பினார்கள்.

பதினேழு பேரில் தொடங்கினேன். கிறிஸ்துமஸுக்குள் பதின்மூன்று. தவக்காலம் வந்தபோது ஒன்பது. ஒவ்வொரு தாயும் ஒரு காரணத்தோடு வந்தாள். "என் பொண்ணோட ஃப்ரெண்டு பி-ல இருக்கா டீச்சர்" என்று ஒருத்தி. "உங்க க்ளாஸ்ல ஃபேன் காத்து வரலியாம்" என்று இன்னொருத்தி. அதே ஹால், அதே ஃபேன். போகட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்குத் துளிகூட வருத்தமில்லை என்று வீட்டில் தினமும் சொன்னேன்.

"இன்னா ஃப்ளோரன்ஸு, வருத்தமே இல்லன்னு எத்தினி தபா சொல்லுவ?" என்றார் டெரிக்.

ஈஸ்டருக்கு முந்தைய வாரம் லிசா லேப்டாப்போடு என் வீட்டுக்கு வந்தாள். பரீட்சைக்கு முன்னால் பாடப் படங்களை எல்லாம் பிள்ளைகளுக்கு இன்னொரு தடவை போட்டுக் காட்டப்போகிறாளாம்.

"டீச்சர், நீங்க ஒருவாட்டி பாத்துடுங்க. எங்கயாச்சும் தப்பு இருந்தா சொல்லுங்க, மாத்திடறேன்."

பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது, அதுதான் கஷ்டம். பத்துக் கட்டளைகள், திருச்சபைக் கட்டளைகள், எல்லாம் சுத்தமாக இருந்தன. ஏழு பாவங்களுக்கு ஏழு கார்ட்டூன் மூஞ்சிகள். ஆறாவதாகப் பச்சை நிறத்தில் ஒரு மூஞ்சி, அதன் கீழே பொறாமை என்று எழுதியிருந்தது. காய்மகாரம் என்ற வார்த்தை எங்கேயும் இல்லை.

"தப்பு இருக்கா டீச்சர்?"

"ஒண்ணும் இல்லம்மா. ரொம்ப அழகா இருக்கு" என்றேன்.

அவள் என்னைக் கட்டிக்கொண்டு, தேங்க்ஸ் டீச்சர், தேங்க்ஸ் டீச்சர் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனாள்.

புதுநன்மைக்கு முன்னால் பங்குச் சாமியார் ஒவ்வொரு பிள்ளையையும் கூப்பிட்டு வாய்மொழியாகப் பரீட்சை வைப்பார். கேள்விகளை மூத்த டீச்சர் எழுதிக்கொடுப்பது எங்கள் பங்கில் வழக்கம். இந்த வருடமும் நான்தான் எழுதினேன். முதல் கேள்வியாக இதை வைத்தேன்: தலையான பாவங்கள் ஏழையும் சொல்லுக, ஆறாவதை விளக்குக. முதல் கேள்வி எல்லாருக்கும் பொது. அதில் தவறினால் சாமியார் அடுத்ததற்குப் போக மாட்டார். அதை எழுதும்போது என் கையெழுத்து வழக்கத்தைவிட நன்றாகவே இருந்தது.

என் ஒன்பது பேரும் கடகடவென்று ஒப்பித்தார்கள். ஏசியும் சொன்னார்கள். காஸ்பர் சாமியார், "நல்ல விளக்கம், டீச்சர்" என்று என் பக்கம் தலையசைத்தார்.

அடுத்து பி செக்‌ஷன். முதலில் ஜோவிட்டா என்ற பெண். கடற்கரைக் குப்பத்துப் பிள்ளை, வாய் கொஞ்சம் நீளம். நவம்பர் வரைக்கும் என் வகுப்பில் இருந்தவள். ஏழு பாவங்களை நான் தவக்காலத்தில்தான் எடுப்பேன், அதற்குள் போகிறவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள்.

"ஆறாவது?"

"பொறாமை, ஃபாதர்."

"அது நாம வீட்ல பேசுறது. ஞானோபதேசத்துல அதுக்கு என்ன பேரு?"

ஜோவிட்டா லிசாவைப் பார்த்தாள். லிசா சுவரைப் பார்த்தாள், படம் ஏதாவது தெரியுமா என்பதைப் போல. அடுத்த பிள்ளைக்கும் தெரியவில்லை. அதற்கடுத்த பிள்ளைக்கும் தெரியவில்லை. இருபத்து நான்கு பேரையும் கேட்டு முடித்துவிட்டு, சாமியார் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"செஞ்ச பாவத்துக்குப் பேரே தெரியலன்னா எதைச் சொல்லி மன்னிப்பு கேப்பீங்க? பி செக்‌ஷன் அடுத்த வருஷம் வாங்கட்டும்."

அந்த நிமிடம் எனக்கு எப்படி இருந்தது என்று உள்ளதைச் சொல்கிறேன். நெஞ்சு குளிர்ந்துபோயிற்று. ஏப்ரல் வெயிலில் இளநீர் குடித்ததைப் போல இருந்தது.

புதுநன்மைக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. கவுன்கள் தைத்தாகிவிட்டன. பிரியாணிக்குச் சொல்லியாகிவிட்டது. பெற்றோர் சாமியார் வீட்டு வாசலில் போய் நின்றார்கள். அவர் இரங்கவில்லை. ஜோவிட்டாவின் அப்பா மஸ்கட்டில் டிரைவர், மூன்று வருடம் கழித்து இதற்காகவே பன்னிரண்டு நாள் லீவு வாங்கியிருந்தார். அடுத்த வருடம் லீவு கிடைக்குமா என்று அவருக்கே தெரியாது. அவள் அம்மா என்னிடமும் வந்து அழுதாள். சாமியாருடைய முடிவு, நான் என்ன செய்ய முடியும் என்று சொல்லி அனுப்பினேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் லிசா வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"என் தப்புதான் டீச்சர். நீங்க எனக்கு சொல்லிக்குடுத்த வார்த்தை அது. நான்தான் சுத்தமா மறந்துட்டேன். அந்த ஸ்லைடுல எழுத்து வேற ரொம்பப் பொடிசா போட்டுட்டேன், அதான் உங்க கண்ணுலயும் படல."

எனக்காக அவளே ஒரு சாக்குக் கண்டுபிடித்து, அதைக் கையில் எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். எழுத்து அப்படியொன்றும் பொடியாக இல்லை.

"நீங்க சொன்னா ஃபாதர் கேப்பாரு டீச்சர். எனக்காக வேணாம். பசங்களுக்காக ஒருவாட்டி பேசுங்க. எனக்கு இந்த க்ளாஸே வேணாம், அடுத்த வருஷத்துலேர்ந்து நான் வரல."

பார்க்கலாம்மா என்றேன். அவள் போனதும் டெரிக் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"அந்தப் பொண்ணு லேப்டாப் எட்த்தாந்தப்ப நீ கண்ணாடி போட்டுக்கினுதானே இருந்த?"

"ஆமா."

"படிச்ச தானே?"

காப்பி ஆறுகிறது என்றேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. முப்பத்து நான்கு வருடக் குடித்தனத்தில் அவர் வாயை மூடிக்கொண்டு எனக்குச் செய்த கொடுமைகளில் இது பெரியது.

புதன்கிழமை குடையை எடுத்துக்கொண்டு கோவில் ஆபீஸ் வரைக்கும் போனேன். சாமியாரிடம் நேராகச் சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். ஆனால் அவர் சும்மா இருப்பாரா? பெற்றோரைக் கூப்பிடுவார். காரணம் சொல்வார். முப்பத்தோரு வருடம் கட்டிக்காத்த பெயர் ஒரே நாளில் மீன் மார்க்கெட் வரைக்கும் போய்விடும். வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன். வியாழக்கிழமையும் அதே மாதிரி.

வெள்ளிக்கிழமை ஒரு வழி தோன்றியது. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைச் சாமியார் உயிரே போனாலும் வெளியே சொல்லக் கூடாது. அதை வைத்து வெளியே ஒரு காரியமும் செய்யக் கூடாது. இதை முப்பத்தோரு வருடமாகப் பிள்ளைகளுக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அது எவ்வளவு வசதியான ஏற்பாடு என்று அன்றைக்குத்தான் உறைத்தது. கூண்டில் போய்ச் சொல்லிவிட்டால் என் பாரம் இறங்கிவிடும், பேரும் பத்திரமாக இருக்கும்.

சனிக்கிழமை சாயங்காலம் வரிசையில் கடைசியாக நின்று, முழங்காலிட்டேன்.

"என்னை ஆசீர்வதியும் சாமி, நான் பாவி. போன தடவை சங்கீர்த்தனம் பண்ணி ஒரு மாசம் ஆச்சு. ரெண்டு நாள் செபமாலை சொல்லல. புருஷன் மேல கோபப்பட்டேன். கொஞ்சம் பொறாமைப்பட்டேன்."

கம்பி வலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து சாமியார் கேட்டார்.

"அவங்ககிட்ட இருக்கிறது உங்களுக்கும் வேணும்னு நெனைச்சீங்களா, இல்ல அவங்ககிட்ட இருக்கக் கூடாதுன்னு நெனைச்சீங்களா?"

என் விளக்கம். என் ஒன்பது பேர் வாயால் அவர் கேட்ட விளக்கம். எனக்குக் காதெல்லாம் சுட்டது. "காய்மகாரம், சாமி" என்றேன். அதற்குப் பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்லைடைப் பார்த்ததை, அழகா இருக்கு என்றதை, முதல் கேள்வியாக வைத்ததை. சொல்லி முடித்து, "அந்தப் பிள்ளைங்களுக்கு நீங்க பாத்து ஏதாவது..." என்று இழுத்தேன்.

"இந்தக் கூண்டை விட்டு வெளிய வந்தா எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. இங்க கேட்டதை வெச்சு அங்க எதையும் மாத்தவும் முடியாது. தெரியும்ல?"

தெரியும் என்றேன்.

"அபராதமா ஒண்ணு சொல்றேன். நாளைக்கு அந்தப் பிள்ளைங்ககிட்ட போய் ஆறாவது பாவத்தை நீங்களே சொல்லிக்குடுங்க. மனப்பாடம் இல்ல. அவங்களுக்குப் புரியணும்."

ஐம்பத்து மூன்று மணிச் செபம் சொல்லச் சொல்லியிருந்தால் மூன்று தடவை சொல்லியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சாமியாரிடம் போய், "பி செக்‌ஷனை இன்னொரு தரம் கேட்டுப் பாருங்களேன், ஃபாதர்" என்றேன். முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், "ஏன் டீச்சர், என்ன விஷயம்?" என்றார். பாவம் பிள்ளைங்க என்றேன். பத்தரைக்கு வருகிறேன் என்றார். அவர் கடமையை அவர் செய்தார். என்னுடையது இன்னும் பாக்கி இருந்தது.

துணித் தடுப்பைத் தாண்டி பி செக்‌ஷனுக்குப் போனேன். என் வகுப்பில் இருந்து ஓடிப்போன பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். லிசா ஓரமாக நின்றாள். பலகையில் காய்மகாரம் என்று பெரிதாக எழுதினேன். பக்கத்து வீட்டு ஏசியைச் சொன்னேன்.

ஜோவிட்டா கையைத் தூக்கினாள். "எங்க பக்கத்து வூட்ல ஏசியே இல்ல டீச்சர்."

"சரி, இருக்குன்னு வெச்சுக்கோ."

"இருந்தா நாங்க அங்க போய்ப் படுத்துக்குவோம். அது இன்னாத்துக்கு ரிப்பேர் ஆவணும்?"

மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். ஒருத்தருக்கும் விளங்கவில்லை. டேப் ரிக்கார்டர் காலத்திலிருந்து எந்தப் பிள்ளைக்கும் விளங்கியிருக்காது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவர்கள் ஒப்பித்திருக்கிறார்கள், நான் சரி போட்டிருக்கிறேன். மணி பத்தேகால் ஆகியிருந்தது.

"வேற எதுனா சொல்லுங்க டீச்சர். நெஜமா நடந்தது" என்றாள் ஜோவிட்டா.

நிஜமாக நடந்தது ஒன்றுதான் என் கைவசம் இருந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

"உங்க லிசா மிஸ் ஒரு நாள் லேப்டாப் எடுத்துக்கிட்டு என் வீட்டுக்கு வந்தாங்க. தப்பு இருந்தா சொல்லுங்க டீச்சர்னு கேட்டாங்க. இந்த வார்த்தை அதுல இல்ல. நான் பார்த்தேன். பார்த்துட்டு, ரொம்ப அழகா இருக்குன்னு சொல்லி அனுப்பிட்டேன். அப்புறம் அந்த வார்த்தையையே முதல் கேள்வியா எழுதி ஃபாதர்கிட்ட குடுத்தேன். உங்களுக்குத் தெரியாதுன்னு தெரிஞ்சே குடுத்தேன். நீங்க எல்லாரும் மிஸ்கிட்ட போயிட்டீங்கல்ல, அதனால."

லிசாவின் பக்கம் நான் திரும்பவில்லை. பின் பெஞ்சிலிருந்து ஒரு பையன், "ஓ, காண்டா! டீச்சருக்கு மிஸ் மேல காண்டு. இதான் மேட்டரா?" என்றான்.

"அது காண்டு இல்லடா" என்றாள் ஜோவிட்டா. "காண்டு ஆனா மூஞ்சிலயே தெரியும், கத்துவாங்க. டீச்சர் கத்தலியே. அழகா கீதுன்னு சொல்லிட்டு அப்பால செஞ்சாங்க. அதான் காய்மகாரம்."

முப்பத்தோரு வருடம் அந்த வார்த்தையை வைத்துப் பிழைத்த எனக்கு இந்த விளக்கம் கிடைக்கவில்லை. அது சரியாகவும் இருந்தது.

பத்தரைக்குக் காஸ்பர் சாமியார் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஏழையும் சொல்லச் சொன்னார். ஏழும் வந்தன.

"ஆறாவதுன்னா என்ன?"

"லிசா மிஸ்ஸுக்கு ஃப்ளோரன்ஸ் டீச்சர் செஞ்சது, ஃபாதர்" என்றார்கள் இருபத்து நான்கு பேரும். சேர்ந்து, சுருதி பிசகாமல்.

சாமியார் ஒரு கணம் கூரையைப் பார்த்தார். அவருக்குத்தான் எதுவும் தெரியாதே. பிறகு என்னைப் பார்த்து, "பதில் சரியா டீச்சர்?" என்று கேட்டார்.

"சரிதான், ஃபாதர்."

"அப்போ எல்லாரும் பாஸ்" என்று எழுந்தார். பிள்ளைகள் கத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள். ஜோவிட்டா எல்லாருக்கும் முன்னால் ஓடினாள், அப்பாவுக்கு மஸ்கட்டுக்குப் போன் போட வேண்டுமாம். எனக்கு அவமானம் தாங்கவில்லை. அதிலும் பாருங்கள், என் ஒன்பது பேரில் ஒருத்தராவது அந்தப் பெண் மாதிரி யோசித்துப் பதில் சொன்னதுண்டா என்று ஒரு நினைப்பு ஓடிற்று. என் புத்தி அப்படி.

லிசா புரொஜெக்டர் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். சுருட்டியதைப் பிரித்து மறுபடியும் சுருட்டினாள். அவள் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே டீச்சர்" என்றாள். "நான் உடனே மாத்தியிருப்பேனே."

"மாத்திடுவேன்னு தெரிஞ்சுதான் சொல்லல" என்றேன்.